ஏழு எண்ணிக்கைப் பாட்டு

ஸ்கோப்யே,
ஜனவரி 19

டெசாங்காவுக்கு,

'அன்புள்ள' என்று போட்டால் நீ சிரிப்பாய். அதனால் போடவில்லை. நோவி சாட் போனதிலிருந்து உனக்குச் சளி கூடப் பிடிப்பதில்லையாம், உன் தங்கை சொன்னாள். நல்லது.

விஷயத்துக்கு வருகிறேன். ஐரோப்பியப் பாட்டுப் போட்டியான யூரோவிஷனுக்கு யூகோஸ்லாவியாவின் பாட்டைத் தேர்ந்தெடுக்கும் போட்டியில் இந்த வருஷம் ஸ்கோப்யேயின் சார்பில் போவது என் பாட்டு. இத்தனை வருஷம் சுருதிப்பெட்டிக்கும் சூட்கேஸுக்கும் வித்தியாசம் தெரியாதவனையெல்லாம் அனுப்பிவிட்டு, இப்போதுதான் இவர்களுக்கு என் வீட்டு விலாசம் கிடைத்திருக்கிறது.

எட்டு ஊர், எட்டுப் பாட்டு. மற்ற ஏழையும் ஒலிநாடாவில் கேட்டுத் தொலைத்தேன். ஒன்றை லிஃப்டில் போடலாம். இன்னொன்றில் ஒரு பெண் நாற்பது தடவை 'லா லா' என்கிறாள், உட்கார்ந்து எண்ணினேன். உங்கள் ஊர்ப் பாட்டைப் பற்றி எழுதினால் இந்தக் கடிதத்தைச் சுமந்து வரும் தபால்காரருக்குத்தான் அவமானம்.

நீ அங்கே நடுவர் குழுவில் இருக்கிறாயாம். உங்கள் ஊருக்கு நீங்களே மதிப்பெண் போட முடியாது, எனவே மற்ற ஏழுக்கும்தான் பத்துக்கு இத்தனை என்று போட்டாக வேண்டும். எனக்குப் போடு என்று கேட்க மாட்டேன். அந்த அளவுக்கு நான் கீழே இறங்கவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நான் ஜெயித்தால் நீ திரும்பி வந்துவிடு. நான்கு வருஷம் போதும்.

வாங்கெல்

*

நோவி சாட்,
ஜனவரி 30

வாங்கெலுக்கு,

கடிதம் கிடைத்தது. முதல் பக்கம் முழுக்க ஊரில் உள்ளவனையெல்லாம் திட்டிவிட்டுக் கடைசி இரண்டு வரியில் மனைவியைக் கூப்பிட உன்னால்தான் முடியும்.

நான் ஏன் போனேன் என்று நீ இதுவரை கேட்டதில்லை, நானே சொல்லிவிடுகிறேன். குழந்தைகள் நிகழ்ச்சிக்கு நான் ஒரு பாட்டுப் போட்டேனே, ஞாபகம் இருக்கிறதா? பத்துப் பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்த மேஜையில், "இவ போட்டது பாட்டில்ல, பல்லு விளக்கச் சொல்ற அறிவிப்பு"ன்னு சொன்னாய். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே அவர்களுக்கு அவரைக்காய்ப் பொரியல் பரிமாறினேன். அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். நீ என்னை அடித்ததில்லை, ஏமாற்றியதில்லை. என்னை மட்டமாக நினைத்தாய், அவ்வளவுதான். அதோடு குடித்தனம் நடத்த முடியாது.

சரி, பந்தயத்துக்கு ஒப்புக்கொள்கிறேன். நீ ஜெயித்தால் வருகிறேன். தைரியமாக எழுதிக் கொடுக்கிறேன், ஏனென்றால் நீ ஜெயிக்கப்போவதில்லை. ஏழு எண்ணிக்கைத் தாளத்தில் பாட்டாம்! உங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் ஆடுவான். ஐரோப்பாவில் எவன் அதற்குக் கை தட்டுவான்?

என் குளிர்கோட்டை அனுப்பி வை. பழுப்பு நிறம், அலமாரியின் இடது பக்கம்.

டெசாங்கா

*

ஸ்கோப்யே,
பிப்ரவரி 15

டெசாங்காவுக்கு,

கோட்டை அனுப்பப்போவதில்லை. நீயே வந்து போட்டுக்கொள்.

ஒத்திகை நடக்கிறது. பாடப்போவது லென்ச்சே என்ற பெண். நல்ல குரல், தலைக்குள் காலி மனை. "சார், நடுவுல ஒரு குதி குதிக்கலாமா"ன்னு கேட்கிறாள். அசையாமல் நின்று பாடு என்றேன், அழுதாள். அழட்டும், பாட்டுக்கு அது நல்லது.

அந்த மேஜையில் நான் சொன்னது தப்பு. இதை எழுத எனக்கு மூன்று நாள் ஆயிற்று, இரண்டு தாளைக் கிழித்துப்போட்டேன். அந்தப் பாட்டு அப்படியொன்றும் மோசமில்லை. பக்கத்து வீட்டுக்காரியின் மகள் இன்னும் அதைத்தான் பாடிக்கொண்டு திரிகிறாள்.

சமையலறைக்கு வெள்ளையடித்தேன். வீட்டில் பேச்சுத்துணை இல்லாமல் வானொலியோடு சண்டை போடுகிறேன். நீ இல்லாமல் எனக்கு நன்றாக இல்லை, டெசாங்கா.

வாங்கெல்

*

ஸ்கோப்யே,
மார்ச் 4

என் அன்புள்ள டெசாங்கா,

இப்போது போடலாம் அல்லவா?

பார்த்தாயா! இரண்டாவதாக வந்தவன் என்னில் பாதி கூட வாங்கவில்லை. ஊருக்கு ஏழு நடுவர். ஏழு பேரும் பத்துக்குப் பத்து. ஒவ்வொரு ஊரும் எழுபது, எழுபது என்று சொல்லிக்கொண்டே வருகிறது. இருபத்திரண்டு வருஷமாகச் செவிட்டுக் கூட்டம் என்று நான் திட்டிய நாடு ஒரே சாயங்காலத்தில் காது முளைத்து உட்கார்ந்திருக்கிறது. பஸ் நடத்துனர் என்னிடம் டிக்கெட்டுக்குக் காசு வாங்கவில்லை. என்னைக் கண்டாலே கடைக்குள் போய் ஒளிந்துகொள்ளும் தொலைக்காட்சி இயக்குநர் தெருவில் கட்டிப்பிடித்தான். வாயில் பூண்டு நாற்றம், ஆனாலும் பொறுத்துக்கொண்டேன்.

உங்கள் ஊரில் மட்டும் அறுபது. ஆறு பேர் பத்து, ஒருவன் பூஜ்யம் என்று பத்திரிகையில் போட்டிருக்கிறது. யார் அந்தக் கழுதை? பெயரை மட்டும் எழுது. நாடே எழுந்து நிற்கும்போது ஒருவன் மட்டும் உட்கார்ந்திருந்தால் அவனுக்கு முட்டியில் ஏதோ கோளாறு.

வியாழக்கிழமை மதிய ரயிலுக்கு வந்து நிற்பேன். நீ வார்த்தை தவறியதில்லை.

உன் வாங்கெல்

*

நோவி சாட்,
மார்ச் 9

வாங்கெலுக்கு,

வியாழக்கிழமை நீ ரயிலடியில் நின்றிருப்பாய். மன்னித்துக்கொள். கடிதம் முந்திவிடும் என்று நினைத்தேன், எழுதத்தான் முடியவில்லை.

நடுவர் அறையில் நடந்ததை அப்படியே சொல்கிறேன். எங்கள் தலைவர் மிலிவோய், இசைப் பள்ளியில் வாத்தியார். எட்டுப் பாட்டும் முடிந்ததும் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "நம்ம பாட்டுக்கு நாம போட முடியாது. பலசாலி எவனுக்காவது போட்டா நம்ம தலையில நாமே மண்ணள்ளிப் போட்ட மாதிரி. அந்த ஸ்கோப்யேக்காரனுக்கு மொத்தமா போட்டுடுவோம். ஏழு எண்ணிக்கையில பாடுறான். அவனுக்கு வேற எவன் போடப்போறான்?"

எல்லாரும் சிரித்தார்கள், பத்து பத்து என்று எழுதினார்கள். இதே நேரத்தில் மற்ற ஆறு ஊரிலும் ஆறு மிலிவோய்கள் கதவைச் சாத்திக்கொண்டு இதையே சொல்லியிருக்கிறார்கள். மறுநாள் ஒருவருக்கொருவர் தொலைபேசியில் ஒப்பாரி வைத்ததில் எல்லாம் வெளியே வந்துவிட்டது. உன்னைத் தேர்ந்தெடுத்த நாட்டின் யோக்கியதை இதுதான். உன் பாட்டை அவர்கள் கேட்கவேயில்லை. உன்னால் யாருக்கும் ஆபத்தில்லை என்று நம்பி ஓட்டுப் போட்டார்கள்.

இதைச் சொல்லாமலே விட்டிருக்கலாம். ஆனால் நீ கழுதையின் பெயரைக் கேட்டுவிட்டாய்.

பூஜ்யம் போட்டது நான்.

இரண்டாவது சரணத்தில் அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினாளே, அங்கே பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன். இருபத்திரண்டு வருஷத்தில் நீ போட்டதில் அதுதான் உசத்தி. நாணயமான நாலு பேர் கேட்டால் இது ஜெயித்துவிடும் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. ஜெயித்தால் நான் எழுதிக் கொடுத்தபடி உன் வீட்டுக்கு வர வேண்டும். பென்சிலை எடுத்தேன், பூஜ்யம் போட்டேன். ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை, வாங்கெல். அதுதான் எனக்கே பயமாக இருக்கிறது.

ஐரோப்பாவுக்குப் போகுமுன் தாளத்தை நாலாக மாற்றச் சொல்வார்கள். மாற்றாதே. லென்ச்சேயைக் குதிக்கவும் விடாதே.

கோட்டை யாருக்காவது கொடுத்துவிடு. இந்த நாட்டிலேயே உன் பாட்டு ஜெயித்துவிடும் என்று பயந்தவள் நான் ஒருத்திதான். அந்தப் பயத்தோடு திரும்பி வந்து குடித்தனம் நடத்த முடியாது, அதனால்தான் வார்த்தை தவறி வராமல் இருக்கிறேன்.

டெசாங்கா