கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குப் போன அநாதைகள்

அன்பு மகள் அனாசியாவுக்கு மோஷியிலிருந்து அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், கடையும் நலம், அப்பாவின் முழங்கால் மட்டும் நலமில்லை. ஹாம்பர்க் குளிரில் நீ வேளைக்குச் சாப்பிட்டு நன்றாகப் போர்த்திக்கொண்டு இருக்க வேண்டும் என்று ஆண்டவரைக் கேட்டுக்கொள்கிறேன். விசாரிப்பு முடிந்தது. இனி எழுதப்போவது உனக்குப் பிடிக்காது, ஆனாலும் கடைசிவரை படி.

உன் நர்சிங் வகுப்புத் தோழர்கள் பத்துப் பேர் நம் ஊர் அநாதை இல்லத்தில் சேவை செய்ய ஜனவரியில் வருவார்கள் என்று எழுதியிருந்தாய். பிள்ளைகளோடு பண்டிகை கொண்டாடும் ஆசையில் அவர்கள் டிசம்பர் இருபத்து நான்காம் தேதியே வந்து இறங்கிவிட்டார்கள். டிசம்பர் கடைசியில் நம் சாகா இனத்து ஜனங்களில் எவன் டவுனில் இருப்பான், தாரெஸ்ஸலாமில் பெரிய பதவியில் இருப்பவனும் மலையேறித் தன் வாழைத்தோப்பில்தானே ஆடு அறுப்பான், அதைச் சொல்லித் தடுக்க உனக்குத் தோன்றவில்லை. நானும் கடையை மூடிக்கொண்டிருந்தேன். இல்லத்து நிர்வாகி எலிரெஹேமா வியர்க்க விறுவிறுக்க ஓடிவந்து, “அக்கா, மானத்தக் காப்பாத்துங்க, வெள்ளைக்காரப் புள்ளைங்க கிடாரோட வந்து நிக்கிறாங்க, இல்லத்துல நாலே நாலு பசங்கதான் இருக்கு, மெத்தை ஏத்துற லாரியக் குடுங்க” என்றான். மீதி முப்பத்தொன்பது பேர் எங்கே என்றேன். வீட்டுக்குப் போயிருக்கிறார்கள் என்றான். “அநாதைக்கு ஏதுய்யா வீடு?” என்று கேட்டதற்குச் சிரித்துவிட்டு, “என்னக்கா, ஆறு வருஷமா எங்களுக்கு மெத்தை குடுக்கிறீங்க, இன்னைக்குத்தான் கேக்கணும்னு தோணுச்சா?” என்றான். அந்தச் சிரிப்பு இன்னும் என் உடம்பில் அழுக்கு மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஏனென்றால் அவன் சொன்னது சரி. உன் விருந்தாளிகள் முன்னால் உனக்குத் தலைகுனிவு வரக்கூடாது என்று சாவியையும் கொடுத்தேன்.

மறுநாள் மலைமேல் நம் தோப்பு இருக்கும் மராங்குவில் கோயில் முடிந்து வரும்போது நம் கடைப் பெயர் எழுதிய லாரி தௌசியின் முற்றத்தில் நின்றது. கடையில் மெத்தையுறை தைக்கிறாளே, அதே தௌசிதான். புருஷன் விட்டுப் போனபின் மகள் ஐசாவைப் படிக்கவைக்க வழியில்லை, இல்லத்திலேயே தங்கினால்தான் பள்ளிக்கூடம் என்று எலிரெஹேமா சொன்னதும் கைநாட்டு வைத்துக் கொடுத்தாளாம், எனக்கே அன்றுதான் தெரிந்தது. பிள்ளைக்கு ஆறு வயது. வாழைக்காயும் இறைச்சியும் போட்ட கஞ்சியை வாயில் வைத்தவளை அப்படியே லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பெற்றவள் செருப்பில்லாமல் லாரி பின்னால் ஓடினாள். அனுப்பியது நான்.

இருபத்தாறாம் தேதி காலை இறங்கி வந்தேன். இல்லத்து வாசலில் தௌசி மகளுடைய செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். காவல்காரன் அவளிடம், “வெள்ளைக்காரங்க இருக்கிறவரைக்கும் நீ அம்மா இல்ல, தள்ளி நில்லு” என்று சொல்லியிருக்கிறான். உள்ளே மருத்துவ முகாமாம். ஹாம்பர்க்கில் முதல் வருஷம் முழுக்கப் படுக்கை விரிப்பு மாற்றத்தான் விட்டார்கள் என்று போனில் அழுதாயே, அதே வகுப்புப் பிள்ளைகள் இங்கே வந்ததும் டாக்டராகிவிட்டார்கள். கழுத்தில் குழாயை மாட்டிக்கொண்டு விரல்களில் குத்தி ரத்தம் எடுக்கிறார்கள். போன கூட்டமும் எடுத்தது, அதற்கு முந்தின கூட்டமும் எடுத்தது. என்ன தெரிந்தது என்று ஒருவரும் வந்து சொன்னதில்லை. அழுகிற ஐசாவை மடியில் வைத்துக்கொண்டு வந்தவர்களில் ஒரு பெண், செத்துப்போன அம்மா ஞாபகம் போலிருக்கிறது என்று தானும் அழுதாள். அம்மா வாசலில் நிற்கிறாள் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அவள் முகம் சுண்ணாம்பாகிவிட்டது, பாவம், அவளைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நான் பக்கத்தில் போனதும் ஐசா என்ன செய்தாள் தெரியுமா? பெரியவர்களைக் கண்டால் நம் பிள்ளைகள் வணக்கம் சொல்லித் தலையைக் குனியும், நாம் தலைமேல் கையை வைப்போம். இவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு விரலை நீட்டினாள். அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். எலிரெஹேமா பின்னாலேயே வந்து, “இப்பக் கூட்டிட்டுப் போனா பள்ளிக்கூடம் கிடையாது, பாத்துக்கங்க” என்று கத்தினான். பள்ளிக்கூடத்தை நான் பார்த்துக்கொள்கிறேன், இனி மெத்தையை நீ வேறு கடையில் பார்த்துக்கொள் என்றேன். இப்போது அவள் தாயோடு இருக்கிறாள், நம் கடைக்குப் பின்தெருப் பள்ளியில் சேர்த்தாகிவிட்டது. மற்ற பிள்ளைகளைப் பற்றி வட்டார நல அதிகாரியிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன், அசையும்வரை தினமும் போய் உட்காருவேன்.

ஜூனில் இன்னொரு கூட்டம் அனுப்புவதாக இருந்தாயே, வேண்டாம். சேவை செய்தே தீரவேண்டும் என்றால் நீ படித்து முடித்துச் சான்றிதழோடு வா, அரசு ஆஸ்பத்திரியில் பெரிய நர்ஸ் சொல்கிற வேலையைச் செய். இன்னொன்று. போன வருஷம் நீ ஐசாவைக் கட்டிப்பிடித்து எடுத்த படத்தைத் தாயில்லாக் குழந்தை என்று எழுதிப் போட்டிருக்கிறாயாம். யாரோ போனில் காட்டித் தௌசி பார்த்துவிட்டாள். ஊசியைக் கீழே வைத்துவிட்டு, “அனாசியா அம்மா, நான் எப்போ செத்தேன்? எனக்கே சொல்லாம அடக்கமும் பண்ணிட்டீங்களா?” என்று கேட்டாள்.

பள்ளி விட்டதும் ஐசா கடைக்கு வருவாள். மூன்று நாளாக விரலைத்தான் நீட்டினாள். நேற்று தலையைக் குனிந்தாள்.

ஆண்டவர் உன்னைக் காக்கட்டும், உன் கை நல்ல கையாக இருக்கட்டும். காதை மூடாமல் வெளியே போகாதே. அந்தப் படத்தை இன்றைக்கே எடுத்துவிட்டுத் தௌசிக்கு உன் கையால் எழுது, எனக்கு அப்புறம் எழுதலாம்.

உன் அம்மா
ஐக்காண்டே
மெத்தைக் கடை, மோஷி