சாவித் துவாரம் இல்லாத பின்கதவு

அனுப்புநர்:
திருமதி ஞானஜோதி தயாளன்,
எண் 14, ஏரிக்கரை இரண்டாம் குறுக்குத் தெரு,
சிட்லபாக்கம், சென்னை 600 064.

பெறுநர்:
காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அவர்கள்,
சென்னை.

பொருள்: வீட்டுப் பொருள் காப்பீடு – முன்கதவை உடைத்து நடந்த திருட்டுக்கு, பின்கதவிலும் ஜன்னல்களிலும் பூட்டு இல்லை என்று காரணம் காட்டி இழப்பீடு மறுக்கப்பட்டது – நான் வீட்டைப் பூட்டவில்லை என்று எழுதியதைத் திரும்பப் பெறச் செய்யவும், மறுப்பை ரத்து செய்யவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எனக்கு வயது எழுபத்தெட்டு. கணவர் காலமான பிறகு மேற்கண்ட முகவரியில் எங்கள் சொந்த வீட்டில் தனியாக வசிக்கிறேன். கன்னியர் நடத்திய பள்ளியில் படித்தவள். வாசிக்காத தாளில் கையெழுத்திடக் கூடாது என்று அங்கே கற்றுக்கொடுத்தார்கள். நிழற்குடை பொதுக் காப்பீட்டு நிறுவனம் எனக்கு அனுப்பிய மறுப்புக் கடிதத்தையும் அப்படியே வரிக்கு வரி வாசித்தேன். அதில் கையெழுத்திட்டவர் அதை வாசித்தாரா என்பதுதான் எனக்குச் சந்தேகம்.

2. கடந்த குருத்தோலை ஞாயிறன்று காலை ஆராதனைக்குப் போனேன். புறப்படும் முன் பின்கதவின் மேல் தாழ்ப்பாளையும் கீழ்த் தாழ்ப்பாளையும் போட்டு, குறுக்கே இரும்புப் பட்டையை மாட்டினேன். முன்கதவைச் சாவியால் பூட்டினேன். அதற்கு வெளியே உள்ள கிரில் கதவுக்கும் பூட்டுப் போட்டு, இழுத்துப் பார்த்தேன். தெருமுனை வரை போய், திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்த்தேன். இது என் வழக்கம். இதற்காக என்னைக் கேலி செய்பவர்கள் எங்கள் தெருவில் உண்டு. தேவைப்பட்டால் அவர்களையே சாட்சிக்கு அழைத்து வருகிறேன்.

3. கையில் ஓலையோடு நான் திரும்பியபோது கிரில் பூட்டு அறுபட்டு வாசலில் கிடந்தது. முன்கதவு பூட்டுப் பக்கத்தில் கடப்பாரையால் பிளக்கப்பட்டிருந்தது. காவல் துறையின் முதல் தகவல் அறிக்கையிலும் இதுவே எழுதப்பட்டுள்ளது. பின்கதவைப் பரிசோதித்த ஏட்டு, "இன்னாம்மா இது, ஜெயில் கதவாட்டம் கீது! திருடன் இந்தப் பக்கம் வந்திருந்தா அழுதுகினே போயிருப்பான்" என்றார். திருடன் அந்தப் பக்கம் வரவில்லை. முன்வாசல் வழியாகவே வந்து, என் கணவரின் கைக்கடிகாரத்தையும், இரண்டு வெள்ளி மெழுகுவர்த்தித் தாங்கிகளையும், மகனோடு நான் முகம் பார்த்துப் பேசும் மடிக்கணினியையும், இணைப்பில் கண்ட மற்றவற்றையும் எடுத்துக்கொண்டு, வந்த வழியாகவே போனான். இவை திருடு போனதில் நிறுவனத்துக்கும் சந்தேகம் இல்லை.

4. இழப்பை மதிப்பிட நிறுவனம் அனுப்பிய சர்வேயர் திரு. தனசிங், உடைந்து தொங்கிய முன்கதவைத் தாண்டிக்கொண்டு நேராகப் பின்கட்டுக்குப் போனார். காலில் செருப்பு இருந்தது. அதைப் பொறுத்துக்கொண்டேன். "என்ன பாட்டி, பின்கதவுல பூட்டே காணோம்?" என்று கேட்டார். நான் அவருக்குப் பாட்டி அல்ல என்று சொன்னேன். உள்ளே தாழ் போட்ட கதவுக்கு வெளியே பூட்டு எதற்கு என்றும் கேட்டேன். "ரூல்ஸ் அப்படித்தான் பாட்டி, நான் என்ன பண்றது?" என்றார். நான் சொன்னதற்கும் கேட்டதற்கும் அதுவே பதில்.

5. மறுப்புக் கடிதத்தின் வாசகம் இது: "எல்லா வெளிக்கதவுகளிலும் எட்டக்கூடிய எல்லா ஜன்னல்களிலும் சாவியால் இயங்கும் பூட்டு இருக்க வேண்டும். காப்பீடுதாரர் வீட்டைப் பூட்டிப் பாதுகாக்கத் தவறிவிட்டார்."

6. ஐயா, தாம்பரம் முதல் வண்டலூர் வரை எந்த வீட்டுக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். வெளியே கிளம்புகிறவர்கள் பின்கதவை உள்ளிருந்து தாழிட்டுவிட்டு, முன்கதவைப் பூட்டிக்கொண்டு போவார்கள். பின்கதவுக்குச் சாவித் துவாரம் வைப்பது திருடனுக்கு ஒரு வழி செய்து கொடுப்பது என்று என் கணவர் தச்சரிடம் வேண்டாம் என்றார். அவர் செய்த பாதுகாப்பையே நிறுவனம் என் குற்றமாக எழுதியிருக்கிறது.

7. ஜன்னல்களில் சுவரோடு பதித்த இரும்புக் கம்பிகள் உண்டு. பக்கத்து வீட்டுப் பூனை பல வருடங்களாக முயன்று தோற்றிருக்கிறது. ஆனாலும் விதி விதிதானே என்று தாம்பரம் மார்க்கெட்டில் உள்ள அன்பு என்பவரின் இரும்புக் கடைக்குப் போய் ஜன்னல் பூட்டு கேட்டேன். "இன்னாம்மா, ஜன்னல் வழியாவா வூட்டுக்குள்ள போய்க்கினு வந்துகினு கீறீங்க?" என்றார். கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். இந்த நிறுவனத்தால் நான் பட்ட அவமானங்களில் அது மிகச் சிறியது.

8. இன்னொன்றும் உண்டு. காப்பீடு தரும் முன் நிறுவனத்தின் ஆள் ஒருவர் வந்து இதே பின்கதவையும் இதே ஜன்னல்களையும் கைப்பேசியில் படம் எடுத்தார். ஜன்னலுக்குத் தனிப் பூட்டு வேண்டுமா என்று அன்றே கேட்டேன். "கிரில் இருக்குல்ல ஆன்ட்டி, அது போதும்" என்றார். பிரீமியம் வாங்கும்போது போதுமாக இருந்த கம்பி, திருட்டுக்குப் பிறகு போதாமல் போனது எப்படி? அந்தப் படங்களைக் கேட்டு நிறுவனத்துக்கு எழுதினேன். ஒரு மாதத்துக்கு மேலாகியும் பதில் இல்லை. ஆகவே தங்களிடம் வருகிறேன்.

9. பொருள் போனதை நான் தாங்கிக்கொள்வேன். அந்தக் கடிதத்தின் இரண்டாம் வாக்கியத்தைத் தாங்க முடியவில்லை. டொரான்டோவில் இருக்கும் என் மகன் ஆரோன் அதை வாசித்துவிட்டான். "அம்மா, கம்பெனியே எழுதிட்டாங்க, நீங்க வீட்டைப் பூட்டலைன்னு. இனிமே தனியா இருக்க வேண்டாம்" என்கிறான். வண்டலூர் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் எனக்கு அறையும் பார்த்துவிட்டான். நான் பூட்டினேன் என்று சொன்னால், "சரிம்மா, சரிம்மா" என்கிறான். தன் தாய்க்கு நினைவு தப்புகிறது என்று நம்பும் மகனின் குரல் அது. திருடன் என் வீட்டுப் பொருளை எடுத்தான். நிறுவனம் என் வீட்டையே எடுக்கப் பார்க்கிறது.

10. எனவே, நிறுவனத்தின் மறுப்பை ரத்து செய்து இழப்பீட்டை வழங்க உத்தரவிடுமாறும், அதற்கும் முன்பாக, நான் வீட்டைப் பூட்டத் தவறினேன் என்ற வாக்கியத்தைத் திரும்பப் பெற்று, அதை எனக்கும் என் மகனுக்கும் எழுத்தில் தெரிவிக்கச் செய்யுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

11. இதற்குப் பிறகும் நிறுவனத்துக்கு ஐயம் இருந்தால், தங்கள் முன்னிலையில் திரு. தனசிங் என் வீட்டுக்கு வரட்டும். நான் பின்கதவைத் தாழிட்டு, பட்டையை மாட்டி, உள்ளே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். பூட்டில்லாத அந்தக் கதவை அவர் வெளியிலிருந்து திறந்து உள்ளே வந்துவிட்டால், இந்த மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டு வண்டலூருக்குப் புறப்படுகிறேன். திறக்க முடியாவிட்டால், அவர் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு வந்து மணி அடிக்கட்டும். நானே திறந்துவிடுகிறேன். செருப்பை மட்டும் வெளியே விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீதியை எதிர்பார்க்கும்,
ஞானஜோதி தயாளன்

இடம்: சிட்லபாக்கம்
நாள்: 21.07.2025

இணைப்பு: முதல் தகவல் அறிக்கை, மறுப்புக் கடிதம், திருடுபோன பொருட்களின் பட்டியல், பின்கதவின் புகைப்படம் (உள்ளிருந்து எடுத்தது).