கிள்ளான் குளத்தின் மூன்றாவது படி

பெட்டி கட்டும்போது நீலத் துண்டை எடுத்து மடித்தேன். இரண்டு முறை துவைத்தும் அதில் குளோரின் வாடை போகவில்லை.

பாஸ்போர்ட் இன்று காலை பத்தரை மணிக்குக் கைக்கு வந்தது. ஏழு மாதமாக "அடுத்த வாரம் கண்டிப்பா, பாஸ்" என்று சொல்லிக்கொண்டிருந்த அதே ஏஜெண்ட், ஒன்றுமே நடக்காதது போல ஒரு பழுப்பு உறையில் வைத்து நீட்டினார். நாளை காலை விமானம். விஷயத்தைச் சொல்ல முதலில் உன் எண்ணைத்தான் தேடினேன். பிறகு போனைக் கீழே வைத்தேன்.

நாம் வேலை பார்த்த நாளிதழ் மூடப்பட்டதும், புகைப்படக்காரனான நீ கிள்ளானில் உன் வீட்டுக்குப் போனாய். திருநெல்வேலியிலிருந்து வேலை பெர்மிட்டில் இந்த நாட்டுக்கு வந்த நிருபன் நான். பெர்மிட்டை வேறு நிறுவனத்துக்கு மாற்றுவதற்காக ஏஜெண்டிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்தேன். அது இல்லாமல் ஊருக்கும் போக முடியாது, வேலையிலும் சேர முடியாது. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேலே அறை. ஜன்னலைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் அடுத்த கட்டடத்தின் சுவர். அதில் வரிசையாக ஏசி இயந்திரங்கள் என் பக்கம் அனலை ஊதிக்கொண்டிருக்கும்.

முதல்முறை வந்தபோது நீ வாசலிலேயே நின்றுவிட்டாய்.

"இது ரூமா, லிஃப்டா பாஸ்? பட்டன் எங்க?"

சிரித்துவிட்டு, எனக்கு நீந்தத் தெரியுமா என்று கேட்டாய். தாமிரபரணியில் கற்றவன் என்றேன்.

"அப்ப போய் தண்ணியில கெட லா. இதுக்குள்ளயே இருந்தா மண்ட வெடிச்சிடும்" என்றாய், உங்கள் ஊரில் எதற்கும் சேர்க்கும் அந்த 'லா'வோடு.

அப்படித்தான் பொதுக் குளங்களைத் தேடத் தொடங்கினேன். முதல் குளத்தில் பருத்திக் கால்சட்டையோடு போன என்னைத் தண்ணீரில் இறங்க விடவில்லை. நீச்சல் உடை வாங்கிக்கொண்டு புதன்கிழமை மாலை மறுபடி போனேன். டிக்கெட் கொடுக்கும் அக்கா கண்ணாடிக்குப் பின்னாலிருந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அங்கிள், இன்னிக்கு லேடிஸ் டே. போர்டுல எழுதியிருக்குல்ல? படிக்கத் தெரியாதா?"

இதைக் கேட்டு நீ காரை ஓரம் கட்டிவிட்டுச் சிரித்தாய். "முப்பது வருஷம் ரிப்போர்ட்டர்! போர்டு படிக்கல!" அடுத்த ஒரு மாதம் உன் வாயில் அதுதான். அன்றுதான் ஒரு நோட்டு வாங்கினேன். எந்தக் குளம், எந்தக் கிழமை, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, ஆழம், நிழல் என்று கோடு போட்டு எழுதத் தொடங்கினேன்.

செவ்வாய், வியாழன், சனி உனக்கு டயாலிசிஸ். ஞாயிறு வீட்டாருக்கு. மற்ற மூன்று நாட்களில் என்னைக் காரில் கூட்டிப்போவாய். நான் நீந்துவேன், நீ முழுக்கைச் சட்டையோடு கரையில் உட்கார்ந்திருப்பாய். காறை எலும்புக்குக் கீழே உன் நெஞ்சில் குழாய் பொருத்தியிருந்தார்கள். அது நனையக் கூடாது. குடிக்கவும் நாளுக்கு அரை லிட்டர்தான். சின்ன பிளாஸ்கில் ஐஸ் கட்டி கொண்டுவந்து, ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு, குளம் முழுக்கத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பாய். ஒரு நாள் நான் கரையேறி, என்னை இந்த ஊரில் சிறைவைத்துவிட்டார்கள் என்று வழக்கம்போலப் புலம்பினேன்.

"உன் பாஸ்போர்ட்ட ஏஜெண்ட் வச்சிருக்கான். என்னோடத மெஷின் வச்சிருக்கு" என்றாய். "வாரத்துக்கு மூணு வாட்டி போய் மூஞ்சியக் காட்டிட்டு வரணும்."

சிறு வயதில், ஈயம் தோண்டிய பள்ளங்களில் நீர் தேங்கிய பழைய குட்டைகளில் குதித்து வீட்டில் அடி வாங்கியவன் நீ. இடக்கை ரத்தக்குழாயில் செய்த அறுவை தேறிவிட்டால் அந்த வழியாகவே டயாலிசிஸ் செய்யலாம், நெஞ்சுக் குழாயை எடுத்துவிடலாம், புண் ஆறியதும் சுத்தமான குளத்தில் இறங்கலாம் என்று மருத்துவர் சொன்னார். அன்றிலிருந்து தேடல் உனக்கானதாயிற்று. நோட்டில் புதிய கோடுகள் போட்டேன்: படிக்கட்டு, கைப்பிடி, குளிக்கும் இடத்தில் தரை வழுக்குகிறதா.

மூன்றாவதாகப் பார்த்தது கிள்ளான் குளம். உன் வீட்டிலிருந்து பத்து நிமிடம். தண்ணீர் தெளிவு, ஆழம் நெஞ்சளவு. ஆனால் படிக்கட்டு இல்லை; சுவரோடு ஒட்டிய செங்குத்தான இரும்பு ஏணிதான். நீ குனிந்து கையை நனைத்துப் பார்த்தாய்.

"இதுவே போதும் லா" என்றாய்.

நான் அதைக் குறித்துக்கொண்டேன். மேற்கோள் குறிக்குள், கிழமையோடு. பிறகு அடுத்த குளத்தைத் தேடிப் போனேன்.

பந்திங் பக்கம் ஒன்று பழுது பார்க்க மூடிக் கிடந்தது. செமினியில் அகலமான படிகள், கைப்பிடி, நிழல், நான் கேட்ட எல்லாமே இருந்தன. ஆனால் அந்தக் குடியிருப்புக்காரர்களுக்கு மட்டும்தான் என்று காவலாளி சொல்லிவிட்டார். இதற்குள் உன் குழாயை எடுத்துவிட்டார்கள், புண்ணும் ஆறியிருந்தது. அதற்குப் பிறகும் மூன்று வாரம் கழிந்தது. "நீ தேடிக்கிட்டே இரு. நான் எப்ப எறங்கறது?" என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டாய். இன்னும் ஒன்றே ஒன்றைப் பார்த்துவிடலாம் என்றேன். இரண்டு இடத்தில் சரிபார்க்காமல் செய்தி கொடுக்காதவன் நான். அது செய்தி இல்லை என்று எனக்குத் தோன்றவில்லை.

கடைசியில் கிள்ளானுக்கே திரும்பினோம். வெள்ளிக்கிழமை, பிற்பகல் நான்கு மணி. நீ புது நீச்சல் உடையில் வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு நடந்தாய். நான் முன்னால் இறங்கிக் கீழே நின்றேன். நீ திரும்பி, ஏணியைப் பிடித்து, ஒரு படி, இரண்டு படி, மூன்றாவது படியில் நின்றாய். தண்ணீர் உன் முழங்காலைத் தொட்டது. கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டாய்.

சைரன் ஒலித்தது. மேற்கே மின்னல். குளத்துக் காவலர் விசிலை ஊதிக்கொண்டு ஓடிவந்தார். "அங்கிள், அவுட், அவுட்!"

தகரக் கொட்டகைக்கு அடியில் உட்கார்ந்தோம். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆனால்தான் மறுபடி விடுவார்கள். ஒவ்வொரு இடிக்கும் அந்த அரை மணி புதிதாகத் தொடங்கியது. நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ இந்த நீலத் துண்டைப் போர்த்திக்கொண்டு, மழை குளத்தில் விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாய். ஆறு மணிக்குக் குளத்தை மூடினார்கள்.

"எறங்கிட்டேன்னு எழுதிக்கோ" என்றாய்.

"முழங்கால் வரைதானே?"

"அதான் உங்கிட்ட பிரச்சன, பாஸ்."

திங்கட்கிழமை மறுபடி வருவதாக முடிவு செய்தோம். திங்களன்று உனக்குக் காய்ச்சல். செவ்வாய்க்கிழமை டயாலிசிஸ் நாற்காலியிலேயே உன் இதயம் நின்றுவிட்டது என்று உன் மகள் போனில் சொன்னாள். அந்த மூன்று வாரத்தில் எத்தனை திங்கள், எத்தனை புதன், எத்தனை வெள்ளி என்று அவளிடம் நான் சொல்லவில்லை. மூன்று மூன்றாக ஒன்பது நாள். அவற்றில் இரண்டு மூன்று நாளாவது மாலையில் இடி இல்லாமல் இருந்திருக்கும்.

பாஸ்போர்ட் வந்துவிட்டது. ஆனாலும் இந்த அறையில் உட்கார்ந்து ஏசி இயந்திரங்களின் இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நோட்டில் அந்த வெள்ளிக்கிழமைக்கு நேரே "முழங்கால் வரை" என்று என் கையெழுத்தில் இருக்கிறது. அதை அடித்துவிட்டு "இறங்கினான்" என்று எழுதப் பலமுறை பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. நடக்காததை எழுத எனக்குத் தெரியாது. நான்கு பக்கம் முன்னால் புரட்டினால் கிள்ளான் குளத்துக்கு நேரே நீ சொன்ன மூன்று சொல் இருக்கிறது: "இதுவே போதும் லா." அதையும் ஓர் எழுத்துப் பிசகாமல்தான் எழுதியிருக்கிறேன்.

துண்டைப் பெட்டியில் வைத்துவிட்டேன். நோட்டு கைப்பையில் என்னோடு வருகிறது.