இட்டூப்பு மாதிரி ஒரு மருமகன்

கொல்லம்
12.6.1987

என் மகள் லதிகாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே எனக்குக் குறையொன்றும் இல்லை, மழை பிடித்த நாளிலிருந்து முழங்கால் வலி மட்டும் விருந்தாளியாக வந்து போக மறுக்கிறது. ஜான்சியில் வெயில் ஆளைப் பொசுக்குகிறதாமே, ஆஸ்பத்திரி வேலைக்கு நடுவிலும் நீ வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்ற நம்பிக்கையில் பேனாவை எடுத்தேன். அந்த ஒரு கார்டுக்குப் பிறகு மூன்று வாரமாகப் பதில் இல்லையென்று முகத்தைத் தூக்கி வைத்திருப்பாய். முடிவெடுக்காமல் எழுதக் கூடாதென்று இருந்தேன், இப்போது எடுத்துவிட்டேன்.

முந்திரி ஃபாக்டரியில் பருப்புக்குத் தோலுரிக்கிற எங்கள் கூட்டத்துக்கு மத்தியானச் சோற்று நேரத்தில் வசுமதி வாராவாரம் தொடர்கதை படிப்பாள் அல்லவா, இப்போது ஓடுவது ஏலமலையில் ஜீப் ஓட்டுகிற இட்டூப்பின் கதை. ஆறடி உயரம், கருங்காலி நிறம், முப்பது வாரமாக ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை, மனசில் என்ன பாரமென்று யாரிடமும் சொல்வதுமில்லை. எங்கள் நாற்பது பேருக்கும் அவன்மேல் அப்படியொரு பைத்தியம். ஒரு வாரம் அவன் வரவில்லையென்று எல்லோரும் கையெழுத்துப் போட்டுப் பத்திரிகைக்கே சண்டைக் கடிதம் அனுப்பினோம். போன மாதம் ஒருநாள் கதை முடிந்த சூட்டில், அங்கே உன்னோடு வேலை பார்க்கிற உதயபானுவைக் கட்டிக்கொள்ள ஆசையென்று நீ எழுதியிருந்ததை உரக்கப் படித்தேன். ஆள் நல்ல உயரம், நல்ல கறுப்பு, பேச்சு குறைவு. "ஐயோ, நம்ம இட்டூப்பு!" என்று வரிசையே கைதட்டியது. கொஞ்சம் கழித்து வசுமதிதான், "சேச்சி, நெஜமாவே கறுப்பா?" என்றாள். ஆமாம் என்றேன். "அப்ப வேணாம் சேச்சி. நாளைக்குப் பொறக்கறது பொண்ணாப் போச்சுன்னா யாரு கட்டுவா?" என்றாள். இட்டூப்புக்காகப் போன வாரம் மூக்கைச் சிந்தினாயே, அவன் என்ன வெள்ளைக்காரனா என்று கேட்டேன். "அது கதை சேச்சி. அவன் நம்ம வீட்டுக்குச் சாப்பிடவா வரப்போறான்?" என்கிறாள். உன் திவாகரன் மாமா அதற்கும் மேலே. "அவனக் கொண்டாந்து பந்தல்ல நிறுத்தினா இந்த அண்ணனை மறந்துடு" என்று சொல்லிவிட்டுக் குடையைக்கூட எடுக்காமல் மழையில் இறங்கிப் போய்விட்டார்.

மோளே, நிறம் எனக்கு உறுத்தவில்லை, பேச்சு குறைவு என்றாயே, அதுதான் உறுத்தியது. உன் அப்பாவும் பேசாத மனிதர்தான். அந்த மௌனத்துக்குள் ஏதோ பெரிதாக இருக்கிறதென்று நானே கற்பனை செய்துகொண்டு பதினெட்டு வருஷம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே இருந்தது ஒரு வருஷத்து நெஞ்சுவலி, சொல்லாமலே போய்விட்டார். அதனால்தான் உதயபானு லீவில் ஆலப்புழைக்கு வந்தால் என்னை வந்து பார்க்கச் சொல் என்று மட்டும் உனக்குக் கார்டு போட்டேன். போன சனிக்கிழமை வந்தான். வீடு தெரியாமல் ஃபாக்டரி கேட்டில் நின்றான். வேலை விட்டு வெளியே வந்த கூட்டம் அப்படியே நின்றுவிட்டது, வேண்டாமென்ற வசுமதிதான் முதலில் தலைமுடியைச் சரிசெய்தாள். "கதைக்கு ஏத்த ஆளுதான் சேச்சி" என்று என் காதில் சொன்னாள். "கதைக்கு வேணாம்டி, எனக்கு வீட்டுக்கு வேணும்" என்று சொல்லிவிட்டு அழைத்து வந்தேன்.

வீட்டில் மரவள்ளிக்கிழங்கும் மத்திக் குழம்பும் வைத்தேன். கேட்டதற்கு ஆமாம், இல்லை, அவ்வளவுதான். சாப்பிட்டதும் அடுக்களையில் பலகையைப் போட்டு உட்கார வைத்தேன். "கோபம் வந்தா என்ன பண்ணுவே?" என்று நேராகவே கேட்டேன். "எழுந்து வெளிய போயிடுவேம்மா. அதுக்குத்தான் லதிகா சண்டை போடுவா" என்றான். "எப்பத் திரும்பி வருவே?" "பசிச்சா." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன். "இன்னிக்கி வரைக்கும் யாருகிட்டயும் சொல்லாத ஒண்ணைச் சொல்லு, அப்புறம்தான் கல்யாணப் பேச்சு" என்றேன். குனிந்தபடியே தன் அக்காவைப் பற்றிச் சொன்னான். ஏழு தடவை பெண் பார்க்க வந்தார்களாம், ஏழாவது தடவை வந்தவர்கள் அவள் நிறத்தைப் பார்த்து வாசலிலிருந்தே திரும்பினார்களாம், அதற்குப் பிறகு அவள் யார் வந்தாலும் கொல்லைப் பக்கம் போய்விடுவாளாம். தான் சிரித்துப் பேசினால் அக்காவுக்குத் துரோகம் செய்வதுபோல இருக்கிறதாம். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததை இரண்டு பேருமே பார்க்கவில்லை.

ஆவணி மாதம் கல்யாணம். மாமாவிடம் நானே போய்ச் சொல்லிவிட்டேன், வந்தால் முதல் இலை உங்களுக்கு, வராவிட்டால் உன் கையைப் பிடித்துக் கொடுக்க எனக்கும் இரண்டு கை இருக்கிறதென்று. நாளை மறுநாள் ஆலப்புழைக்குப் போகிறேன், உதயபானுவின் அக்கா கொல்லைப் பக்கம் போனால் நானும் பின்னாலேயே போய் உட்காருவேன், அவளை முன்னே நிறுத்தித்தான் இந்தக் கல்யாணம். நீ ஒன்றை மட்டும் நினைவில் வை, அவன் இரண்டு நாள் வாயைத் திறக்காவிட்டால் உட்கார்ந்து கதை கட்டாதே, என்னவென்று கேள். சொல்லும்வரை கேள்.

குருதேவன் துணையால் நோயும் மனக்குறையும் உன்னை அண்டாமல் இருக்கட்டும். லீவுக்கு இப்போதே எழுதிக் கொடு, இரண்டு பேருக்கும் சேர்த்து. இன்னொன்று, மாப்பிள்ளையைப் போட்டோவில் கொஞ்சம் வெளுப்பாக விழ வைக்கலாம் என்று பவுடரைத் தூக்கிக்கொண்டு ஸ்டுடியோக்காரன் வருவான். நீ ஒன்றும் பேச வேண்டாம், அவன் கையிலிருந்து அந்த டப்பாவை நானே பிடுங்குவேன்.

உன் அம்மா
பார்கவி