அத்தாவின் காட்டைக் கூட்டிப் பெருக்கிய கதை

கோயமுத்தூர்
வியாழக்கிழமை

அன்பு மகன் ஜாவித்துக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் ஃபர்சானாவும் பிள்ளை ஷைமாவும் அல்லாஹ்வின் கிருபையால் நலமாக இருப்பீர்கள். இங்கே நானும் அத்தாவும் நலம், அதாவது உடம்புக்கு நலம், பேச்சுத்தான் இந்த வாரம் கொஞ்சம் நின்று போயிருந்தது. ஃபோனில் சொல்லலாம் என்றால் உன் அத்தா ஸ்பீக்கரில் போடாமல் பேச விடுவதில்லை. உன்னோடு வேலை பார்க்கும் ரசாக் லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை துபாய்க்குத் திரும்புகிறார், அவரிடம் கறிமசாலாவும் இந்தக் கடிதமும் கொடுத்து விடுகிறேன். தனியாக இருக்கும்போது படி.

காரமடைப் பக்கம் நம் இரண்டு ஏக்கர் காடு உனக்குத் தெரியும். சைட் போட்டு விற்கலாம் என்று நீ சொன்னாய், நானும் சொன்னேன், அத்தா கேட்கவில்லை. மர டிப்போ வைத்து நாற்பது வருசம் மரத்தை அறுத்தே சோறு தின்றோம், இனி நம் பேரில் நாலு மரமாவது நிற்கட்டும், அதில் ஒரு குருவி உட்கார்ந்தாலும் சதக்காதான், தர்மம்தான் என்கிறார். வனத்துறையில் ஒரு திட்டம் இருக்கிறதாம், நாட்டு மரம் வைத்தால் நாற்றும் தருவார்களாம், பிழைத்த மரத்துக்கு ஊக்கத்தொகையும் தருவார்களாம். அதற்கு மனுப் போட்டதிலிருந்து மாப்பிள்ளைக் களை வந்துவிட்டது மனிதருக்கு. காலையில் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு செடியைப் பார்க்கப் போகிறார், கேட்டுக்கோ.

செவ்வாய்க்கிழமை ஆபீசர் பார்வையிட வருவதாக நாள் குறித்தார்கள். அதற்குள் காங்கேயத்தில் ஒரு நிக்காஹ், அத்தா சனிக்கிழமையே கிளம்பிவிட்டார். போகும்போது என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்று, ஆபீசருக்கு ஒரு டீ மட்டும் பார்த்துக்கோ என்றார். என் தப்பு அங்கேதான் ஆரம்பம். யாராவது வீட்டுக்கு வருகிறார்கள் என்றால் நான் மெத்தையைத் தூக்கி அதற்கடியிலும் கூட்டுகிற ஆள், உனக்குத் தெரியாததா? ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தால் காடு கண்றாவியாகக் கிடக்கிறது. ஒரு பக்கம் சூரை முள், ஒரு பக்கம் காரை, நடுவில் உசிலையும் வெள்வேலும் ஆவாரையும் தலைவிரித்துக்கொண்டு நிற்கின்றன. கவர்மெண்டு ஆபீசர் வந்து இதையா பார்ப்பது? மரம் நடத்தானே வருகிறார்கள், நடுவதற்கு இடம் வேண்டாமா? பக்கத்துத் தோட்டத்துப் பாலுசாமிதான் நம் காட்டையும் பார்த்துக்கொள்கிறார். அவரைக் கூப்பிட்டு, ஒரு பொக்லைன் பிடித்து எல்லாவற்றையும் வழித்து எடுங்கள் என்றேன். ஏனுங்கம்மா, ஐயா எடுக்கச் சொன்னாங்களா என்று கேட்டார். நான் சொல்கிறேன் அல்லவா என்றேன். மறுபடியும், ஐயாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப்போட்டுச் செய்யலாங்களே என்றார். மூன்றாவது தரம் வாயைத் திறந்தார், நான் முறைத்தேன், சரிங்கம்மா என்று போய்விட்டார். மத்தியானத்துக்குள் கேட்டிலிருந்து பார்த்தால் பெருநாள் தொழுகைத் திடல் போலப் பளிச்சென்று ஆகிவிட்டது. பின்பக்கம் ஏன் பாக்கி என்றதற்கு, அங்க பெரிய பள்ளமுங்கம்மா, வண்டி எறங்காதுங்க என்றார். அதுவரைக்கும் லாபம் என்று பிளாஸ்டிக் நாற்காலி நாலு வரிசையாகப் போட்டுவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை அத்தா பஸ்ஸை விட்டு இறங்கி நேராக அங்கேதான் போயிருக்கிறார். அந்த உசிலையும் வெள்வேலும்தான் நாட்டு மரமாம், இருக்கிற காட்டை அப்படியே காப்பாற்றி, காலி இடத்தில் மட்டும் நாற்று வைப்பதாகத்தான் மனுவில் எழுதிக் கொடுத்தாராம்! அதை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? வீட்டுக்கு வந்தவர் என்னைத் திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாகிவிட்டது. தாளிச்சாவில் உப்புக் குறைந்தால்கூட என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து உப்பு என்கிறார். முப்பத்தாறு வருசத்தில் இப்படி இருந்ததே இல்லை கண்ணு. மனுவைத் தள்ளிவிட்டால் இந்த மனிதர் உடைந்து போவாரே, நாமே கெடுத்தோமே என்றுதான் எனக்கு நினைப்பு.

செவ்வாய்க்கிழமை ஹர்ஷிணி என்று ஒரு பெண் ஆபீசர் வந்தது, நம் ஃபர்சானா வயசுதான் இருக்கும். நாற்காலியில் உட்காரவே இல்லை. வழித்த இடத்தைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது. இருந்த காட்ட வெட்டிப்போட்டு புதுசா நடறதுக்கு நாங்க எதுக்குங்க நாத்து தரணும், யாருங்க இதச் செஞ்சது என்று கேட்டது. நான்தான் என்று சொல்ல ஓர் எட்டு முன்னால் வைத்தேன், அதற்குள் உன் அத்தா, நான்தாங்க அம்மணி, நாப்பது வருசம் மரம் அறுத்த கை, பழக்கம் போக மாட்டேங்குது என்று தலையைக் குனிந்து நின்றார். அந்தப் பெண் அவரை நன்றாக நாலு வார்த்தை கேட்டது. எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்.

பிறகு பின்பக்கம் போனால் அரைப்பங்குக் காடு அப்படியே இருக்கிறது, பள்ளம் மட்டும் இல்லை. எங்கே பள்ளம் என்று கூட வந்த பாலுசாமியிடம் காதோடு கேட்டேன், மழைல தூந்துபோச்சுங்கம்மா என்றார். இங்கே மழை பெய்து இரண்டு மாசம் ஆகிறது. அவர் நல்லா இருக்கட்டும், அந்தப் பொய்தான் எங்களைக் காப்பாற்றியது. நின்ற காட்டைத் திட்டத்தில் எழுதிக்கொண்டார்கள். வழித்த இடத்தில் அதே சாதிச் செடிகள் நூற்றுப்பத்து வைக்க வேண்டும், வருசா வருசம் வந்து எண்ணிப் பார்ப்போம் என்று சொல்லிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து, ஏனுங்க அப்படிச் சொன்னீங்க என்று கேட்டேன், அழுகை வந்துவிட்டது. அந்தப் புள்ள உன்னைய ஒரு சொல்லு சொல்லி நான் கேட்டுட்டு நிக்கறதா, திட்டறதுன்னா நானே திட்டிக்குவேன் என்றார். சொன்னபடியே சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் வரைக்கும் விடாமல் திட்டினார். எனக்குக் கேட்கக் கேட்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. எழுந்து போய் டீ போட்டுக் கொடுத்தேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, ஏசியில் தலை ஈரத்தோடு உட்காராதே, ஃபர்சானாவை அவள் அம்மாவுக்கு வாரம் ஒரு தரமாவது பேசச் சொல். ஷைமாவுக்கு என் முத்தங்கள். அல்லாஹ் உங்கள் மூவருக்கும் நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தரட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே: அத்தா ஃபோனில் உன்னிடமும் காட்டை வெட்டியது தான்தான் என்று சொல்வார், நீ நம்பினது போலவே கேட்டுக்கொள்.

உன் பிரியமுள்ள அம்மா,
சாஜிதா பேகம்