அது சோடா பாட்டில் இல்லை

கண்ணாடிக் குழாயில் கீறல் போட்டு, சூடு காட்டி, ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தால் 'டிக்' என்று இரண்டாகும். பட்டறையில் தினமும் கேட்கிற சத்தம்தான். இன்று காலை கேட்டதும் வேலை ஓடவில்லை. "ஏலே, ரோமாக்காரனும் இப்படித்தான் வெட்டுனானா?" என்று நீ பக்கத்தில் நின்று கேட்ட மாதிரி இருந்தது.

நீ எம்.ஏ. வரலாறு. நான் டிப்ளமோ முடித்து, பாளையங்கோட்டையில் ஆய்வகக் கண்ணாடிக் கருவிகளை ஊதிச் செய்கிறவன். கொற்கைப் பக்கம் குளத்து மண் வெட்டிய இடத்தில் கிடைத்த பச்சைச் சில்லு ஒன்றைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்து வந்தாய். ஒரு கோப்பையின் வாய்ப்பகுதி. நீ காட்டிய தொல்லியல் துறை அதிகாரி திருப்பிக்கூடப் பார்க்காமல், "சோடா பாட்டில், தம்பி" என்றாராம்.

"கப்பல்ல வந்த ரோமாபுரிச் சரக்குலே இது. நீ கண்ணாடிக்காரன், எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு. அந்த ஆளு மேசையில வச்சிட்டு வாரேன்."

லென்ஸ் வைத்துப் பார்த்தேன். அச்சில் செய்த பாட்டிலுக்கு இணைப்புக் கோடு இருக்கும், இதில் இல்லை. குமிழிகள் ஒரே பக்கமாகச் சுழன்று நீண்டிருந்தன. இரும்புக் குழல் நுனியில் கண்ணாடிக் குழம்பைத் தேன் மாதிரிச் சுற்றி எடுத்து, கல்லில் உருட்டி, ஊதி, சுழற்றி, மறுபடி உலையில் காட்டி ஊதினால் அப்படி நீளும். விளிம்பு நெருப்பில் மழுங்கவில்லை. குழலிலிருந்து உடைத்துப் பிரித்து, பிறகு தேய்த்திருக்கிறார்கள். பழைய ரோமானியக் கோப்பைகள் பலவற்றின் வாய் அப்படித்தான் என்று நீயே புத்தகத்தில் காட்டினாய்.

"ஊதுனதுதான், சோடா பாட்டில் இல்ல. அத எழுதித் தாரேன். யாரு ஊதுனா, எந்த ஊர்லன்னு எனக்குத் தெரியாதுலே. இங்கனயே எவனும் ஊதியிருக்கலாம்."

"பாதிய வச்சு நான் என்ன செய்ய? இந்தக் குமிழிக்குள்ள அவன் மூச்சு இருக்குலே."

"அது மூச்சு இல்ல. உருகும்போது சிக்குன வாயு."

"ஒன் கல்யாணத்துல தாலிய உரசிப் பாத்துட்டுத்தாம்லே கட்டுவ."

சிரித்தாய். அப்புறம், "தா, நான் ஊதுதேன்" என்று குழாயைப் பிடுங்கினாய். உனக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சிளைப்பு. இரண்டே ஊது, இருமல். கத்தரிக்காய் மாதிரிக் கோணலாக ஒரு குமிழ் வந்தது. நீ வாயை எடுக்குமுன் அதன் கழுத்தை உருக்கி மூடினேன். விரிசல் விடாமலிருக்க மஞ்சள் சுடரில் கரி படியும்வரை காட்டி, பைய ஆறவிட்டேன். நான் எழுதி நீட்டியதை வாங்காமலே வள்ளியூர் பஸ் ஏறிவிட்டாய்.

அந்த மழைக்காலத்தில் எஸ்.டி.டி. பூத் அண்ணாச்சி பட்டறை வாசலில் வந்து நின்றார். "வள்ளியூர்ல இருந்து போன் வந்துச்சு தம்பி. ஒங்க கூட்டாளிக்கு... ராத்திரி இளைப்பு கூடிருச்சாம்." துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

காரியம் முடிந்து உன் அம்மா அந்தச் சில்லை என்னிடம் தந்தார்கள். மறுபடியும் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். நீ செத்ததால் கண்ணாடி மாறிவிடவில்லை. இப்போதும் ஊதியது என்றுதான் சொல்வேன். ரோமா என்று சொல்ல மாட்டேன். திட்டுவதானால் திட்டு.

உன் கத்தரிக்காய் என் அலமாரியில் இருக்கிறது. கரியைத் துடைக்கவில்லை. அதற்குள் இருப்பது உருகும்போது சிக்கிய வாயு இல்லை. யார் ஊதியது, எந்த ஊரில் என்று எனக்குத் தெரியும். அதற்கு, எப்போது கேட்டாலும் முழுசாக எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவேன்.

நீ கேட்க மாட்டாய்.