சோளத்தைச் சொல்லாத வெள்ளிக்கிழமை

புரட்டாசி 18, வெள்ளி

காலையில் மேகமூட்டம், பத்து மணிக்கெல்லாம் சுள்ளென்று வெயில். திருமங்கலம் பக்கம் நேற்று நல்ல மழையாம். இங்கே வண்டியூரில் தூறலோடு சரி.

எங்கள் வேளாண்மை ஆபீஸ் நடத்தும் விவசாயிகள் வாட்ஸ்அப் குழுவுக்கு வாராந்தரக் குரல் பதிவு. எழுதி வைத்தது:

ஈரம் காயும் முன் உளுந்து. விதை நேர்த்தி.
பருத்தியில் தண்ணீர் தேங்கக் கூடாது.
ஆட்டுக்குக் குடற்புழு மருந்து. கொட்டகைத் தரை காய்ந்திருக்க வேண்டும்.
வாடி நின்ற சோளம் மழைக்குத் துளிர்த்தால் அந்தத் துளிரில் நஞ்சு. மாடு மேயக் கூடாது.

கடைசி வரியை அடித்துவிட்டேன். போன வருடம் இதைச் சொன்னபோது குழுவில் ஒருவன், "மேடம், வருசா வருசம் இதே பாட்டுத்தானா?" என்று போட, கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். இன்னும் எரிச்சல் போகவில்லை. எல்லாம் தெரிந்த மகராசன்களுக்கு நான் எதற்கு? போங்கடா.

புரட்டாசி 20, ஞாயிறு

சர்ச் முடிந்து மீன் வாங்கப் போனேன். அயிலை இல்லை, சங்கராதான்.

பீரோ ஒழித்ததில் பழைய போட்டோ ஒன்று. ஆபீஸ் ஜீப், மேலே குழாய் ஸ்பீக்கர், பக்கத்தில் டிரைவர் அருளப்பன் அண்ணன், ஒல்லிக்குச்சியாக நான். வேலையில் சேர்ந்த புதிது. பரவை மார்க்கெட் வாசலில் வண்டியை நிறுத்தி விவசாயக் குறிப்புகளை மைக்கில் வாசிப்பேன். படித்து முடித்துப் பெருமூச்சு விட்டால் அண்ணன் விட மாட்டார். "இன்னொருக்கா சொல்லும்மா. இப்பத்தான் ஒரு ஆளு வந்து நிக்கிறாரு." தொண்டை கட்டும். மூட்டையை இறக்கிவிட்டு வந்து எதிர்க்கேள்வி கேட்பார்கள். "ஏம்மா, நீ என்னைக்காச்சும் மாடு வளத்திருக்கியா?" என்று ஒருவர் கேட்டு, மார்க்கெட்டே சிரித்தது. அன்றைக்கு எனக்கும் சிரிப்புத்தான் வந்தது, கோபம் வரவில்லை. இப்போது வருவது கட்டைவிரல் பொம்மை மட்டும். அந்த இரைச்சலுக்கு எம்புட்டு ஏங்குகிறேன்.

அண்ணன் போய் நாலு வருடம்.

புரட்டாசி 22, செவ்வாய்

வெயில். பதினொரு மணிக்கு மாயாண்டி போன். திருமங்கலத்துக்கு மேற்கே மூன்று ஏக்கர் கரிசல், ஒரே கறவை மாடு செவலை. ஜீப் காலத்திலிருந்து பழக்கம்.

"யக்கா, செவலை விழுந்துருச்சுக்கா. நொரை தள்ளுது. பாம்பு போட்டுருச்சு போல."

"எங்கப்பா மேஞ்சுச்சு?"

"நம்ம சோளக்காட்டுலதான். மழைக்குத் துளிர் வந்துருந்துச்சா, காலையில அவுத்துவிட்டேன்."

பாம்பு இல்லை, சோளத் துளிர். கால்நடை டாக்டருக்குப் போன். அவர் வேறு ஊரில், உடனே கிளம்புவதாகச் சொன்னார். நான் பஸ் பிடித்துப் போவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. டாக்டர் பைக்கை விட்டு இறங்கி, பார்த்துவிட்டு, பையைத் திறக்கவே இல்லை.

கன்று கத்திக்கொண்டே இருந்தது. மாயாண்டி மனைவி என் முகத்தைப் பார்க்கவில்லை. அவன்தான் பேசினான்.

"வருசா வருசம் நீங்க சொல்லுவீங்க, நானும் கட்டிப் போட்ருவேன். இந்த வாட்டி சொல்லலையா, சரி, இந்த வருசம் ஒண்ணும் செய்யாது போலன்னு நெனச்சுட்டேன்க்கா."

குற்றமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னான். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

புரட்டாசி 23, புதன்

லீவு. தலைவலி என்று சொன்னேன்.

செவலை கன்றாக இருந்தபோது என் முந்தானையைச் சப்பி நூல் நூலாக்கியது. நான் கத்த, மாயாண்டி, "அதுக்கு உங்களைப் புடிச்சுப்போச்சுக்கா" என்றான். ஊதா நிறப் பருத்திப் புடவை. அப்புறம் எத்தனை வருடம் அந்த வீட்டில் அதன் பாலில் டீ.

அருளப்பன் அண்ணன் இருந்தால் திட்டுத் திட்டென்று திட்டியிருப்பார். யாராவது திட்டினால் தேவலை.

புரட்டாசி 25, வெள்ளி

விடியலிலிருந்து மழை. துணி காயவில்லை. பதிவில் சோளத்தைத்தான் முதலில் வைத்தேன். "போன வாரம் இதை நான் சொல்லாம விட்டேன். என் தப்புதான். ஒருத்தரோட மாடு செத்துப்போச்சு." மாயாண்டி பேரைச் சொல்லவில்லை. பாவம், நாலு பேர் முன்னால் அவனுக்கு எதற்குத் தலைகுனிவு?

கால் மணி நேரத்தில் அவனே கூப்பிட்டான்.

"கேட்டேன்க்கா. ஒருத்தரு, ஒருத்தருன்னா எவன் நம்புவான்? எம் பேரைச் சொல்லுங்க. செவலையச் சொல்லுங்க. அதைத் தெரியாதவய்ங்க நம்ம பக்கம் யாரு இருக்கா?"

"ஒனக்குச் சங்கடமா இருக்காதா தம்பி?"

"இருக்கும்க்கா. சொல்லுங்க."

அனுப்பியதை அழித்துவிட்டு, பேரோடு மறுபடி பதிவு. செவலை என்று வரும் இடத்தில் குரல் உடைந்தது. இன்னொரு முறை. அப்போதும் உடைந்தது. அப்படியே அனுப்பிவிட்டேன்.